காம்பு அறுந்ததா, வளரவே இல்லையா? பிட்யூட்டரி படங்களின் கதை

நெய்வேலியில் எங்க குவார்ட்டர்ஸுக்கு ரெண்டு வீடு தள்ளி என் வகுப்புத் தோழன் ஒருத்தன் இருந்தான். பெயர் வேண்டாம். பிரேயர்ல எப்பவும் வரிசைக்கு முதல் ஆள் அவன்தான், உயரம் அப்படி. ஆறாம் வகுப்பு படிக்கும்போதும் ரெண்டாம் வகுப்புப் பையன் மாதிரிதான் இருப்பான். சில நாள் பிரேயர் முடியறதுக்குள்ள மயங்கி விழுந்துடுவான். "சாப்பிடாம வந்தியாடா?"ன்னு கேட்டு, ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடுப்பாங்க. குடிச்சதும் எழுந்து உட்கார்ந்துடுவான்.

அவங்கம்மாவுக்கு இதுக்கு ஒரு காரணம் தெரியும். "தலை திரும்பல. கால் முன்னால வந்துட்டான். இழுத்துதான் எடுத்தாங்க. நான் அன்னிக்கே வேற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்." இதை எங்கம்மாகிட்ட பல தடவை சொல்லி நான் கேட்டிருக்கேன்.

தொண்ணூறுகளில் அவனுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிட்யூட்டரியின் காம்பு தெரியவில்லை, பின்மடல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, மேலே இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. யாரோ ஒரு டாக்டர் "பிரசவத்துல காம்பு அறுந்திருக்கலாம்" என்று சொன்னார். அந்த ஒரு வரியை அவங்கம்மா முப்பது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

போன மாதம் அவன் அந்தப் பழைய ஃபிலிமை எடுத்துக்கொண்டு வந்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "நீதான் இதெல்லாம் தேடித் தேடிப் படிப்பியே, அம்மா சொல்றது நிஜமான்னு பாரு" என்றான். தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை. இது மருத்துவ ஆலோசனையும் இல்லை. ஒரு படத்தை மருத்துவர்கள் முதலில் எப்படிப் படித்தார்கள், பிறகு ஏன் வேறு மாதிரி படித்தார்கள் என்கிற வரலாறு, அவ்வளவுதான்.

கபம் வடியும் இடம்

பிட்யூட்டரி என்ற பெயரே ஒரு பழைய தப்பிலிருந்து வந்தது. லத்தீனில் 'பிட்யூட்டா' என்றால் சளி, கபம். மூளையில் உண்டாகும் கபம் இந்த வழியாக மூக்குக்கு வடிகிறது என்பது கேலன் காலத்து நம்பிக்கை. அந்த லத்தீன் பெயரை நேராகத் தமிழாக்கி 'கபச்சுரப்பி' என்றும் எழுதுகிறோம். கபத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பெரியவர்களுக்கே அரை கிராம் எடைதான், ஒரு பட்டாணி அளவு. மூளைக்கு அடியில், மண்டையோட்டின் தரையில் உள்ள ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. குதிரைச் சேணம் போல இருப்பதால் அந்தக் குழிக்கு 'துருக்கிச் சேணம்' என்று லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே இருக்கும் ஹைபோதலாமஸிலிருந்து ஒரு மெல்லிய காம்பு இறங்கி வந்து சுரப்பியைத் தொடுகிறது. மேலிருந்து உத்தரவு இந்தக் காம்பு வழியாகத்தான் வரும்.

சுரப்பிக்கு ரெண்டு மடல். ரெண்டும் ரெண்டு வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை. முன்மடல், கருவின் வாய்க்கூரையிலிருந்து மேல்நோக்கி முளைக்கும் ஒரு பையிலிருந்து உருவாகிறது. 1838-ல் இதை விவரித்தவர் மார்ட்டின் ராத்கே, அதனால் 'ராத்கே பை' என்கிறார்கள். பின்மடல் மூளையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. மேலே போவதும் கீழே வருவதும் நடுவழியில் சந்தித்து ஒன்றாக வேண்டும். கரு உண்டாகி நாலாவது வார வாக்கில் இந்த வேலை தொடங்கிவிடுகிறது. இந்த நாலு வாரம் என்ற கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முன்மடல்தான் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. தைராய்டு, அட்ரீனல், விரை, சூலகம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் கட்டளை போகிறது. பின்மடல் உடம்பின் தண்ணீர்க் கணக்கைப் பார்க்கும் வாசோபிரஸ்ஸினை வைத்திருந்து வெளியே விடுகிறது.

பார்க்க முடியாத காலம்

நெய்வேலிக்காரர்களுக்கு ஒன்று தெரியும். ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது முப்பதுகளில். கீழே எவ்வளவு இருக்கிறது, எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரிய, ஊரெல்லாம் துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. என்.எல்.சி. தொடங்கியது 1956. மேலே தெரிந்த அடையாளத்துக்கும் கீழே இருந்த விஷயத்துக்கும் நடுவில் இருபது வருஷம்.

பிட்யூட்டரி விஷயத்திலும் வெளியே தெரிந்தது குள்ளமான பிள்ளை மட்டும்தான். உள்ளே என்ன என்று பார்க்க வழி இல்லை. 1895-ல் ராண்ட்கன் எக்ஸ்ரே கண்டுபிடித்த பிறகு மண்டையோட்டைப் படம் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சுரப்பி தெரியாது. குழி சின்னதாக இருந்தால் சுரப்பியும் சின்னதாக இருக்கும் என்று ஊகித்தார்கள். வீட்டு வாசலைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் என்று சொல்கிற மாதிரிதான். நல்லா வளர்கிற பிள்ளைக்கும் குழி சின்னதாக இருக்கும்.

1918, 1919-ல் அமெரிக்க அறுவை நிபுணர் வால்ட்டர் டாண்டி வேறு வழி கண்டார். மூளைக்குள் இருக்கும் நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது. முதுகுத்தண்டில் ஊசி போட்டும் காற்றை ஏற்றலாம். கடுமையான தலைவலி, வாந்தி. குள்ளமாக இருக்கிறான் என்பதற்காக மட்டும் ஒரு சின்னப் பிள்ளையை இதற்குக் கொண்டுபோக யாருக்கும் மனசு வராது. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949-ல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியபோதும், அடுத்த வருஷம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கியபோதும், மூளையைப் படம் பிடிப்பது என்றால் உலகம் முழுக்க இந்த மாதிரி வழிகள்தான்.

1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படம் எடுத்தது. மூளையையே துண்டு துண்டாகப் பார்க்க முடிந்தது பெரிய பாய்ச்சல். ஆனால் பிட்யூட்டரிக்கு அது போதவில்லை. சுற்றி கனமான எலும்பு, அதனால் படத்தில் கோடு கோடாக விழும். சில மில்லிமீட்டர் உயரமுள்ள சுரப்பியும், அதைவிட மெல்லிய காம்பும் அந்தக் கோடுகளில் காணாமல் போய்விடும்.

மருந்து வந்த கதை

இதற்கிடையில் மருந்து வந்துவிட்டது. 1958-ல் பாஸ்டனில் மாரிஸ் ராபன், வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருந்த ஒரு 17 வயதுப் பையனுக்கு மனித வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து வளர வைத்ததாக எழுதினார். அந்த ஹார்மோன் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தது. ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து கொடுக்க நிறைய உடல்கள் வேண்டும். அமெரிக்காவில் இதைச் சேகரித்து விநியோகிக்கவே அறுபதுகளில் ஒரு அமைப்பு தொடங்கினார்கள்.

1985-ல் பேரிடி. இந்த மருந்து எடுத்து வளர்ந்த சில இளைஞர்கள் குரூட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்ற மூளை நோயில் இறந்தார்கள். இறந்தவர்களின் சுரப்பியோடு நோயும் வந்திருந்தது. மருந்து நிறுத்தப்பட்டது. அதே வருஷம் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த வளர்ச்சி ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இனிமேல் மருந்துக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான் பஞ்சம். யாருக்கு நிஜமாகவே தேவை, யார் இயல்பாகவே குட்டை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் கூடியது. சரியாக அந்தச் சமயத்தில்தான் எம்.ஆர்.ஐ. வந்தது.

வெள்ளைப் புள்ளி

எம்.ஆர்.ஐ.யில் எலும்பு தொந்தரவு பண்ணாது. இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. ஒரு வகைப் படத்தில் (டி1 என்பார்கள்) பின்மடல் மட்டும் பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அதில் தங்கியிருக்கும் வாசோபிரஸ்ஸின் துகள்களோடு தொடர்புள்ள வெளிச்சம் அது. யாரும் மை ஏற்றாமல் இயற்கையே அடையாளம் போட்டு வைத்த மாதிரி.

1987-ல் ஜப்பானிய கதிரியக்க மருத்துவர் புஜிசாவாவும் அவர் குழுவும் ஒரு விஷயத்தை எழுதினார்கள். சிலருக்கு அந்த வெள்ளைப் புள்ளி குழியில் இல்லை, மேலே ஹைபோதலாமஸின் அடியில் இருக்கிறது. நடுவில் காம்பு இல்லை. அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் இதே மாதிரி படங்கள் வெளியாயின. காம்பு இல்லை அல்லது நூல் மாதிரி மெலிந்திருக்கிறது, பின்மடல் இடம் மாறியிருக்கிறது, முன்மடல் சின்னதாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த நிலைக்குப் பிறகு 'பிட்யூட்டரி காம்பு அறுபட்ட நிலை' என்கிற மாதிரி ஒரு பெயர் நிலைத்தது. என் நண்பனின் ஃபிலிமில் இருப்பது இதுதான்.

காம்பு ஏன் இல்லை? அப்போது சொன்ன விளக்கம் ரொம்ப நியாயமாகவே இருந்தது. விலங்குகளில் காம்பை வெட்டினால், வெட்டிய மேல்முனை பின்மடல் மாதிரியே திரண்டுகொள்ளும் என்று ஏற்கெனவே தெரியும். இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் கால் முன்னால வந்து பிறந்தவர்கள், பிறந்ததும் மூச்சுத் திணறியவர்கள். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்? இழுத்து எடுக்கும்போது காம்பு அறுந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டது.

அந்த டாக்டர் நண்பனின் அம்மாவிடம் சொன்னது அவர் சொந்தக் கற்பனை இல்லை. அந்தக் காலத்துப் பாடமே அதுதான்.

கணக்கு மாறியது எப்படி

படங்கள் அதிகமாக அதிகமாக இந்தக் கணக்கில் ஓட்டைகள் தெரிந்தன. 1994-ல் இத்தாலிய மருத்துவர் ட்ரியுல்சியின் குழு 101 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ.யை ஒன்றாக வைத்துப் பார்த்தது. இடம் மாறிய பின்மடல் உள்ளவர்களில் சுகப்பிரசவத்தில் தலை முன்னால வந்தவர்களும் இருந்தார்கள். அதோடு சிலருக்கு மூளையின் நடுக்கோட்டில் வேறு குறைகளும் இருந்தன. பிரசவத்தில் இழுத்தால் காம்பு அறுபடலாம்னே வைத்துக்கொள்வோம். மூளையின் வேறொரு பாகம் உருவாகாமல் போவது எப்படி? இது அறுந்தது இல்லை, ஆரம்பத்திலேயே சரியாக உருவாகாதது என்று அவர்கள் வாதிட்டார்கள்.

இதற்கு முன்கதையும் உண்டு. நெய்வேலி நிறுவனம் தொடங்கிய அதே 1956-ல் ஜெனீவாவில் டி மோர்சியர் என்ற நரம்பியல் மருத்துவர், பார்வை நரம்பு சின்னதாக இருப்பதும் மூளையின் நடுச்சவ்வு இல்லாமல் இருப்பதும் சேர்ந்தே வருவதைக் குறித்து வைத்தார். 1970-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹாய்ட், அந்தப் பிள்ளைகள் பலர் வளராமல் இருப்பதற்குப் பிட்யூட்டரி காரணம் என்று இணைத்தார். கண், நடுமூளை, பிட்யூட்டரி மூன்றும் ஒரே சமயத்தில், பக்கம் பக்கமாக உருவாகிறவை.

1998-ல் லண்டனில் மெஹுல் தத்தானியும் சக ஆய்வாளர்களும், இந்தக் கோளாறு இருந்த உடன்பிறந்த ரெண்டு பேரிடம் ஹெஸ்எக்ஸ்1 என்ற மரபணுவில் மாற்றத்தைக் கண்டார்கள். அதே மரபணுவைக் கெடுத்த எலிக்குட்டிகளுக்கும் அதே மாதிரி குறைகள். எலிக்குட்டியை யாரும் காலைப் பிடித்து இழுக்கவில்லை. பிராப்1, எல்எச்எக்ஸ்3, எல்எச்எக்ஸ்4 என்று அந்தச் சில வருஷங்களில் வரிசையாக மரபணுக்கள் வந்தன.

அப்போது கால் முன்னால வந்தது? அதையே திருப்பிப் போட்டு யோசித்தார்கள். கருவிலேயே ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் சரியாக இல்லாததால் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் போயிருக்கலாம். காரணம் என்று நினைத்தது விளைவாக இருக்கலாம். பிறந்ததும் மூச்சுத் திணறியதும், சர்க்கரை இறங்கியதும்கூட அப்படித்தான்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காம்பு இல்லாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்றும் ஒரு மரபணுவைக் குறிப்பிட்டுக் காட்ட முடியவில்லை. கடினமான பிரசவத்துக்கு எந்தப் பங்குமே கிடையாது என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஆனால் முதல் சந்தேகம் இப்போது பிரசவ அறையின் மேல் இல்லை.

ஒரு தமிழ்க் குடும்பம்

படிக்கும்போது எதிர்பாராமல் நம் பக்கத்துக் கதை ஒன்று கிடைத்தது. 1996-ல், மும்பையைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகளிடம் வளர்ச்சி ஹார்மோன் குறைவுக்கு ஒரு மரபணு மாற்றத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். ஹைபோதலாமஸ் அனுப்பும் 'வளர்ச்சி ஹார்மோனை விடு' என்ற உத்தரவை வாங்கும் ஏற்பியில், 72-வது இடத்தில் ஒரு எழுத்து மாறி, புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கடிதம் வருகிறது, வாங்க ஆள் இல்லை.

அடுத்து ஷிகாகோவில் இருந்த ஹீராலால் மகேஷ்வரியும் கெர்ஹார்ட் பாமனும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 18 குள்ளர்களை ஆராய்ந்து 1998-ல் எழுதினார்கள். ஆண்களின் சராசரி உயரம் 130 செ.மீ. அதே மரபணு, அதே 72-வது இடம். அதே வருஷம் பிரான்சில் நெட்ஷின், அம்செலெம் குழு ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியது. இலங்கையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். பிரெஞ்சில் தமிழை 'தமூல்' என்பதால் 'தமூலியன்' குடும்பம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் அதே மாற்றம். எம்.ஆர்.ஐ.யில் முன்மடல் சின்னதாக இருந்தது.

மும்பை, சிந்து, இலங்கை. ஒன்றுக்கொன்று தெரியாத மூன்று குடும்பங்கள். 2003-ல் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த மரபணுவின் அக்கம்பக்கமும் ஒத்துப்போயிற்று. எப்போதோ ஒரு பொது மூதாதையிடம் ஏற்பட்ட மாற்றம்தான் மூன்று இடத்துக்கும் பரவியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பிறகு இந்தியாவிலேயே செய்த ஆய்வுகளிலும் இந்த மாற்றம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. அம்மா அப்பா ரெண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் இது பிள்ளையைப் பாதிக்கும். அதனால் சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் வெளிப்பட வாய்ப்பு கூடுகிறது.

இங்கே எம்.ஆர்.ஐ. செய்யும் வேலையைக் கவனியுங்கள். இந்த வகைப் பிள்ளைகளுக்கு முன்மடல் சின்னது, ஆனால் காம்பு இருக்கிறது, வெள்ளைப் புள்ளியும் சரியான இடத்தில் இருக்கிறது. என் நண்பனுக்குக் காம்பும் இல்லை, புள்ளியும் இடம் மாறியிருக்கிறது. வெளியே பார்த்தால் ரெண்டு பேரும் குள்ளம்தான். உள்ளே ரெண்டும் வேறு.

இந்த வித்தியாசத்தில் உயிர் இருக்கிறது. முதல் வகையில் பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோன் மட்டும்தான் குறை. காம்பு இல்லாதவர்களுக்கு மற்ற ஹார்மோன்களும் ஒவ்வொன்றாகக் குறையலாம், சில சமயம் வருஷங்கள் கழித்து. கார்டிசால் குறைந்தால் காய்ச்சல் வந்தாலோ பட்டினி கிடந்தாலோ சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கி உயிருக்கே ஆபத்து. பிரேயர்ல அவன் மயங்கி விழுந்ததற்கு அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பான். பிறந்த குழந்தைக்குக் காரணமில்லாமல் சர்க்கரை இறங்குவதும், மஞ்சள்காமாலை நீண்ட நாள் நீடிப்பதும், ஆண் குழந்தைக்குக் குறி ரொம்பச் சின்னதாக இருப்பதும் சேர்ந்து வந்தால் பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும் என்று இன்று பாடமே இருக்கிறது.

படம் மட்டுமே தீர்ப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. சரியாக இருந்தும் ஹார்மோன் குறையலாம். பிறந்து சில வாரம் வரை முன்மடலும் பளிச்சென்று தெரியும் என்பதால் வெள்ளைப் புள்ளியைப் பிரித்தறிவதே கஷ்டம். பருவ வயதில் சுரப்பி தானாகவே பெருக்கும். ரத்தப் பரிசோதனை, வளர்ச்சி அட்டவணை, பிறகு படம். மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் தைராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டு மாத்திரையும் தினமும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான். வளர்ச்சி ஹார்மோன் ஊசி அன்றைக்கு அவர்களுக்கு எட்டாத விலை. நாலே முக்கால் அடியோடு நின்றுவிட்டான்.

அம்மாவிடம் நான் படித்ததைச் சொன்னேன். "பிரசவத்துல அறுந்ததுன்னு சொன்னது அந்தக் காலத்துக் கணக்கும்மா. இப்ப அப்படி நினைக்கறதில்ல. உள்ளயே அப்படி உருவாகியிருக்கும்."

நிம்மதி வரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வயித்துலயே அப்படியா? நான் என்ன சாப்பிட்டேன் அப்போ?" என்று கேட்டார்கள்.

பழி இறங்கவில்லை, இடம்தான் மாறியது. இதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்த நாலு வாரக் கணக்கு ஞாபகம் வந்தது. "இது உருவாக ஆரம்பிக்கறது நாலாவது வாரத்துலம்மா. நாள் தள்ளிப் போயிருக்குன்னு உங்களுக்கே சரியாத் தெரியறதுக்கு முன்னாடி. நீங்க எதைச் சாப்பிட்டிருந்தாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும், அந்தக் காம்பை யாராலயும் பிடிச்சு வச்சிருக்க முடியாது."

"எனக்கே தெரியறதுக்கு முன்னாடியா?"

"ஆமாம்மா."

நண்பன் ஃபிலிமை உறைக்குள் போட்டான். அம்மா எழுந்து காபி போடப் போனார்கள். உள்ளே இருந்து, "அப்ப அந்த நர்ஸம்மாவ வேற நான் இத்தனை வருஷம் திட்டிட்டிருந்தேனே" என்று குரல் மட்டும் வந்தது.